டிராக்டர் எஞ்சின் தறிகெட்டு ஓடினால் என்ன செய்வது? முழுமையான வழிகாட்டி

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பியதும் எங்கள் மதுரைப் பக்கம் டிராக்டர்கள் வரிசையாகப் பட்டறைக்குப் போகும். ஜூனில் பெரியாறு கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டால் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை எல்லாரும் ஒரே நேரத்தில் தொளி கலக்க இறங்குவார்கள். அதற்குள் டீசல் பம்பு, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசில், கிளட்ச் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம். அப்படி ஒரு மே மாதம் வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் மாமா வீட்டுக் களத்தில் நடந்ததைச் சொல்லித்தான் இதைத் தொடங்க வேண்டும்.

மூன்று சிலிண்டர் வண்டி. டீசல் பம்பைக் கழற்றி வேலை பார்த்து, திரும்ப மாட்டியிருந்தார்கள். செல்ஃப் அடித்ததும் பிடித்துக்கொண்டது. மூன்று விநாடி சாதாரணமாக ஓடியது. அப்புறம் யாரும் ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே சத்தம் ஏற ஆரம்பித்தது. மெக்கானிக் அண்ணன் ஸ்டாப் குமிழை இழுத்தார். நிற்கவில்லை. சத்தம் ஊளையாக மாறியது, பானெட் தகடு அதிர்ந்தது, சைலன்சரிலிருந்து கரும்புகை தென்னை உயரத்துக்குப் போனது. கூட வேலை செய்த தம்பி கையில் இருந்த பனியன் வேஸ்ட்டைச் சுருட்டி ஏர் கிளீனர் குழாயில் திணித்தான். அதை எஞ்சின் ஒரே இழுப்பில் விழுங்கிவிட்டது. அடுத்து அவன் உள்ளங்கையை வைக்கப் போனான். "கையை எடுடா! கையை எடு, அங்கிட்டுப் போ!" என்று அண்ணன் கத்தியது இன்றைக்கும் காதில் இருக்கிறது. திண்ணையில் அத்தை உட்கார்ந்து காய் நறுக்கிய மணைப்பலகை கிடந்தது. அதை எடுத்து ஓடிவந்து குழாய் வாயில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கினார். உஸ்ஸென்று ஒரு சீறல். பலகை தானாகவே குழாயோடு ஒட்டிக்கொண்டது. எஞ்சின் இரண்டு குலுக்குக் குலுக்கி அடங்கியது.

மொத்தமும் முப்பது விநாடிக்குள். டிராக்டர் ஓட்டுகிற, பழுது பார்க்கிற எல்லாருக்கும் நான் சொல்ல நினைப்பது அந்த மணைப்பலகைக்குள் இருக்கிறது: தறிகெட்டு ஓடும் டீசல் எஞ்சினை டீசலை அடைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். அதன் மூச்சை அடையுங்கள்.

ஏன் இப்படி ஓடுகிறது

பெட்ரோல் வண்டியில் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் உள்ளே போகும் காற்றின் அளவு மாறும். டீசல் டிராக்டரில் காற்றுக்குத் தடையே கிடையாது. இரண்டரை லிட்டர் எஞ்சின் 2000 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்குச் சுமார் 2500 லிட்டர் காற்றை இழுக்கிறது. வேகத்தைத் தீர்மானிப்பது பம்பு அனுப்பும் டீசலின் அளவு மட்டும்தான். சுற்று கூடினால் பம்புக்குள் இருக்கும் கவர்னர் டீசலைக் குறைக்கும், குறைந்தால் கூட்டும்.

இந்தக் கணக்கு இரண்டு வழியில் கெடும். ஒன்று, பம்புக்குள் டீசல் அளவை மாற்றும் ரேக் என்ற கம்பி முழு டீசல் நிலையில் சிக்கிக்கொள்வது, அல்லது கவர்னர் உடைவது. எங்கள் மாமா வண்டியில் நடந்தது இதுதான். இரண்டாவது, பம்பைத் தவிர வேறு வழியில் எரிபொருள் சிலிண்டருக்குள் போவது. பெரும்பாலும் அது எஞ்சின் ஆயில்தான். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் சீல் போனால் வரும். ரிங்கும் லைனரும் தேய்ந்த எஞ்சினில் அடியிலிருந்து ஏறி வரும். எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்பில் அளவுக்கு மேல் இருந்தால் வரும். ஆயிலில் தூசியைப் பிடிக்கும் ஏர் கிளீனரின் அடிக் கிண்ணத்தில் குறிக்கு மேல் ஆயில் ஊற்றியிருந்தால் காற்றோடு சேர்ந்து வரும். இப்படி வரும் ஆயிலைக் கவர்னர் அறியாது. அது டீசலை முழுக்க நிறுத்தியே வைத்திருக்கும். எஞ்சின் தன் ஆயிலையே தின்று ஓடிக்கொண்டிருக்கும். வேகம் கூடக்கூட இழுப்பு கூடும், இழுப்பு கூடினால் இன்னும் ஆயில் வரும். பக்கத்தில் பெட்ரோலோ கேஸோ கசிந்து அந்த ஆவியைக் காற்றோடு இழுத்தாலும் இதே கதிதான்.

டிராக்டர் எஞ்சினுக்கு 2000, 2200 சுற்றுதான் கணக்கு. அது 4400 போனால் பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இழுக்கும் விசை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். ராடு போல்ட் அறுந்தால் ராடு பிளாக்கின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும். கிளட்ச் பிளேட்டும் ஃபிளைவீலும் சிதறினால் அதுவும் பக்கவாட்டில்தான் பறக்கும். ஆகவே எந்த நிலையிலும் எஞ்சினுக்கு நேர் பக்கத்தில் நிற்கக் கூடாது.

முதல் சில விநாடிகள்

ஆக்ஸிலேட்டரைக் கீழே இறக்கியும் சத்தம் குறையவில்லை என்றால் யோசிக்காமல் ஸ்டாப் குமிழை முழுசாக இழுங்கள். இழுத்தபடியே விடுங்கள், திரும்பத் தள்ளாதீர்கள். சாவியைத் திருப்புவதோடு நின்றுவிடாதீர்கள். பழைய மெக்கானிக்கல் பம்பு வண்டிகள் பலவற்றில் சாவி லைட்டுக்கும் செல்ஃபுக்கும் மட்டும்தான். அதற்கும் டீசலுக்கும் சம்பந்தம் இல்லை. 2023 ஜனவரிக்குப் பிறகு புதிய புகை விதிப்படி வந்த 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட வண்டிகளில் டீசலை எலக்ட்ரானிக் முறையில் கட்டுப்படுத்துகிறார்கள். அங்கே சாவியை அணைத்தால் டீசல் நிற்கும். ஆனால் டர்போ வழியாக ஆயில் வந்தால் அந்தப் புது வண்டிக்கும் சாவி உதவாது.

ஸ்டாப் இழுத்து இரண்டு, மூன்று விநாடியில் அடங்கவில்லையா? இனி அது தானாக அடங்காது என்று முடிவு கட்டுங்கள். கரும்புகை என்றால் பம்பு, நீலமும் வெள்ளையுமாக அடர்ந்த புகை என்றால் ஆயில் என்று பொதுவாகச் சொல்லலாம். அதைப் பார்த்து முடிவெடுக்க அங்கே நேரம் இல்லை. காற்றை அடைப்பது இரண்டுக்கும் ஒரே மருந்து.

டேங்க் குழாயை மூடலாமே என்று கேட்பார்கள். மூடலாம், இன்னொரு ஆள் இருந்தால் மூடட்டும். ஆனால் ஃபில்டரிலும் பம்பிலும் குழாயிலும் நிற்கும் டீசலே எஞ்சினை உடைக்கப் போதும். நாசில் பைப் நட்டுகளை ஸ்பேனர் போட்டுத் தளர்த்தி நிறுத்திய மெக்கானிக்குகள் உண்டு. நான் அதைச் சொல்லித்தர மாட்டேன். அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சூடான சைலன்சர் மேல் பட்டால் தீப்பிடிக்கும். ஆளும் எஞ்சினுக்கு நேர் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும். ஓடுவது ஆயிலில் என்றால் இத்தனையும் வீண்.

வயலில் ஓடும்போது நடந்தால்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே கால் தானாகத் தப்புச் செய்யும். சத்தம் ஏறியதும் எல்லாரும் கிளட்சைத்தான் மிதிப்பார்கள். மிதித்த நொடியில் எஞ்சின் மேல் இருந்த பாரம் முழுக்க விலகிவிடும். கட்டறுத்த காளை மாதிரி அது இன்னும் ஏறும்.

உழவில் இருந்தால் கிளட்சைத் தொடாதீர்கள். ஸ்டாப்பை இழுத்துக்கொண்டே ஹைட்ராலிக் லீவரை முழுசாக இறக்கிக் கொத்துக் கலப்பையை ஆழமாக மண்ணில் இறக்குங்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்து மிதியுங்கள். திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் கரிசலில் ஒன்பது கொத்தும் ஆழமாக இறங்கினால் நல்ல எஞ்சினே திணறும். தறிகெட்டு ஏறத் தொடங்கும் நேரத்தில் இது பல வண்டிகளை நிறுத்திவிடும். தொளியில் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரத்தோடு இருந்தால் பிடிமானம் குறைவு, சக்கரம் வழுக்கிக்கொண்டே சுற்றும்; அங்கே இதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ரோட்டவேட்டர் ஓடிக்கொண்டிருந்தால் அதன் கத்திகளும் சேர்ந்தே வேகமெடுக்கும். பின்னால் நிற்பவர்களை முதலில் விரட்டுங்கள்.

ரோட்டில் டிரெய்லரோடு போகும்போது, பெரிய கியரில் இருந்தால், கியரை எடுக்காமல் பிரேக்கை அழுத்தி மிதித்து எஞ்சினை அமுக்கப் பார்க்கலாம். முன்னால் ஆள், மாடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் யார் இருந்தாலும் அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். கிளட்சை மிதியுங்கள், வண்டியை நிறுத்துங்கள், எஞ்சின் உடைந்தால் உடையட்டும்.

நிற்கும் வண்டியைக் கியர் போட்டு அமுக்குவதும் ஒரு வழி. பிரேக் பெடல் இரண்டையும் இணைக்கும் கொக்கியைப் போட்டு, பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, இருப்பதிலேயே பெரிய கியரைப் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட வேண்டும். சின்ன கியர் போட்டால் பிரேக்கை மீறி வண்டி பாயும், முன்சக்கரம் தூக்கவும் செய்யும். வேகம் ஏறத் தொடங்கிய முதல் சில விநாடிகளில் மட்டும், முன்னும் பின்னும் ஆள் இல்லாத இடத்தில் மட்டும் இதைச் செய்யலாம். ஊளையிடும் அளவுக்குப் போய்விட்டால் கிளட்ச் பிளேட்டே சிதறக்கூடும். அது இருப்பது உங்கள் பாதத்துக்குப் பக்கத்தில்.

காற்றை அடைப்பது

எஞ்சினுக்கு நேர் பக்கமாக வராமல், முன் மூலையிலிருந்து சாய்வாக வாருங்கள். தலைத்துண்டு, லுங்கி நுனி, தொளதொள சட்டை எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது.

எதை வைத்து அடைப்பது? கட்டையான, வளையாத, குழாய் வாயை விடப் பெரிய பொருள். மரப்பலகை முதல் தரம். கனமான பெரிய புத்தகம், தடித்த ரப்பர் மேட் மேல் வைத்த தகடு, இவையும் சரி. துணியை மட்டும் வைத்தால் உள்ளே போய்விடும். பாலித்தீன் பையும் அப்படியே. உரச் சாக்கை எட்டாக மடித்து, அதன் மேல் பலகையை வைத்து அமுக்கினால் பிடிக்கும்.

கையை ஏன் வைக்கக் கூடாது? இரண்டரை அங்குலக் குழாயின் வாய் சுமார் 31 சதுர சென்டிமீட்டர். காற்றின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ. வாயை முழுசாக மூடினால் 30 கிலோ வரை எடை உங்கள் உள்ளங்கையைக் குழாய்க்குள் அமுக்கும். சதை கிழியும், கையை எடுக்கவும் வராது. பலகைக்கோ அதே 30 கிலோதான் உதவி: அதுவே பலகையைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எங்கே வைப்பது என்பதை உங்கள் வண்டியில் இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பானெட்டுக்கு மேலே கிண்ணம் மாதிரி நிற்கிறதே, அந்த முன் வடிகட்டி மேல் பலகையை வைத்தால் பயன் இல்லை. அதன் அடிப்பக்க இடுக்குகள் வழியாகக் காற்று போய்க்கொண்டே இருக்கும். கிண்ணத்தைப் பிடுங்கிவிட்டு வெறும் குழாய் வாயில் வைக்க வேண்டும். அந்தக் கிண்ணத்தின் கிளாம்பில் ஸ்குரூ இருந்தால் எடுத்துவிட்டு, கையால் திருகும் காது நட்டு போட்டுக்கொள்ளுங்கள். அது ஃபில்டருக்கு முந்தின இடம், சற்றுத் தளர்ந்திருந்தாலும் எஞ்சினுக்குள் தூசி போகாது. உலர் ஃபில்டர் வண்டியில் காற்று நுழையும் வாய் முன் கிரில்லுக்குள் ஒளிந்திருக்கும். எப்படித் திறந்து எட்டுவது என்று ஒரு தடவை செய்து பாருங்கள். ஏர் ஹோஸைக் கத்தியால் அறுத்துவிடாதீர்கள். அறுத்தால் காற்று இன்னும் தாராளமாகப் போகும்.

பலகை சரியாக உட்கார்ந்தால் சீறல் சத்தம் வரும், வண்டி குலுங்கும், சைலன்சரில் வெள்ளைப் புகை கிளம்பும், சில விநாடியில் அடங்கும். அடங்கவில்லை என்றால் ஹோஸ் ஜாயிண்ட் ஏதோ ஒன்றில் காற்று கசிகிறது. எஞ்சின் திணறும்போதே பலகையை எடுத்துவிடாதீர்கள். ஃபேன் முழுசாக நிற்கும் வரை, ஒரு விசிறி இலைகூட அசையாமல் ஆகும் வரை, அமுக்கிக்கொண்டே இருங்கள். அரைகுறையாக எடுத்தால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும்.

பட்டறையில் கார்பன் டை ஆக்ஸைடு தீயணைப்பான் இருந்தால் அதன் கூம்பை ஏர் கிளீனர் வாய்க்குக் காட்டி விடாமல் அடிக்கலாம். பவுடர் தீயணைப்பானும் கடைசிக்கு உதவலாம், ஆனால் அந்தப் பவுடர் லைனரை அரம் மாதிரித் தேய்க்கும். தண்ணீர் மட்டும் வேண்டாம். தண்ணீர் அமுங்காது, பிஸ்டனுக்கு மேல் நின்றால் ராடு வளையும்.

எதுவும் கைகொடுக்காமல் ஊளை உச்சத்துக்குப் போய்விட்டதா? ஓடிவிடுங்கள். பக்கவாட்டில் இல்லாமல், சுவருக்கோ திட்டுக்கோ பின்னால். எஞ்சினுக்கு வேறு எஞ்சின் வாங்கலாம். காயம் பட்டால் 108, தீப்பிடித்தால் 101.

நின்ற பிறகு

"ஒரு தடவை அடிச்சுப் பாப்போம்ணே" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அடிக்கவே கூடாது. பேட்டரி வயரைக் கழற்றுங்கள். அரை மணி நேரம் எந்த மூடியையும் திறக்காதீர்கள். உள்ளே சூடான ஆயில் ஆவி நிறைந்திருக்கும், திறந்து காற்று பட்டால் பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

ஆறியதும் முதலில் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக். ஆயில் மேல் குறியைத் தாண்டி நின்றால் முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால் ஃபீட் பம்பு டயஃப்ரம் அல்லது பம்பு சீல் வழியாக டீசல் சம்புக்குள் இறங்குகிறது. சந்தேகம் என்றால் ஒரு சொட்டை நாளிதழ்த் தாளில் விடுங்கள்: நடுவில் கருப்பும் அதைச் சுற்றி அகலமாக எண்ணெய் வளையமும் பரவினால் டீசல் கலந்திருக்கலாம்.

அடுத்து ஏர் கிளீனர் கிண்ணம். எங்கள் பக்கம் "ஆயில் கூட ஊத்துனா தூசி நல்லா பிடிக்கும்" என்று ஒரு நம்பிக்கை. கரிசல் புழுதியில் உழுபவர்கள் அக்கறையோடுதான் ஊற்றுகிறார்கள். குறிக்கு மேல் ஊற்றிய ஆயில் வரப்பு ஏறும்போது சாய்ந்து குழாய்க்குள் இழுபடும். குறி வரைதான், ஒரு சொட்டுக்கூட மேலே வேண்டாம். டர்போ வண்டி என்றால் டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். லேசான ஈரம் இருக்கலாம், ஆயில் தேங்கியிருந்தால் சீல் போய்விட்டது. எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா, அதில் புகை தள்ளுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

எஞ்சினைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன் நாசில்களைக் கழற்றிவிட வேண்டும். சிலிண்டருக்குள் ஆயில் தேங்கியிருந்தால் அது அந்தத் துளை வழியாக வெளியேறும். அப்புறம் கையால் சுற்றுங்கள். எங்காவது இடித்தால் வால்வோ ராடோ வளைந்திருக்கிறது. தடையில்லாமல் சுற்றினாலும் சம்பைக் கழற்றி ராடு போல்ட்டையும் பேரிங்கையும் பார்க்காமல் ஓட்டாதீர்கள். கணக்கை மீறி இழுபட்ட போல்ட் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் மூன்று மாதம் கழித்துக் கரும்பு லோடில் அறுந்து விழும். போல்ட்டை மாற்றிவிடுவது மேல்.

பம்பு வேலை பார்த்தபின் முதல் ஸ்டார்ட்

தறிகெட்டு ஓட அதிக வாய்ப்புள்ள நேரம் இதுதான். நான் இன்று எல்லாரிடமும் வற்புறுத்திக் கேட்பதும் இதைத்தான்.

மாட்டிய பம்பின் ஸ்டாப் லீவரைக் கையால் நகர்த்திப் பாருங்கள். விட்டதும் டக்கென்று தானே திரும்பி வர வேண்டும். எங்காவது தயங்கினால், பிசுபிசுப்பாக வந்தால், ஸ்டார்ட் செய்யாமல் பம்பு மெக்கானிக்கிடமே திரும்பக் கொடுங்கள். பல மாதம் நின்றுபோன வண்டியிலும் டீசல் பிசினாகி ரேக் ஒட்டியிருக்கும், அதற்கும் இதே சோதனை. மாமா வண்டியின் பம்பைத் திரும்பத் திறந்தபோது ரேக் பக்கத்தில் கிடந்தது துடைத்த துணியின் ஒரு நூல். அரை விரல் நீளம்கூட இருக்காது.

லீவர் சரியாக இருந்தால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டிலிருந்து ஏர் ஹோஸைக் கழற்றி, காற்று நேராக அந்த வாயில் போகும்படி வையுங்கள். புழுதி இல்லாத இடமாக இருக்கட்டும். ஓர் ஆள் பலகையோடு முன் மூலையில் நிற்க வேண்டும், வேறு வேலை அவருக்கு இல்லை. வண்டி நியூட்ரலில், பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஸ்டாப் குமிழில் ஒரு கை வைத்தபடி செல்ஃப் அடியுங்கள். பிடித்ததும் ஸ்டாப்பை இழுத்து நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் மறுபடி ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்குங்கள். ஒவ்வொரு தடவையும் சத்தம் உடனே இறங்க வேண்டும்.

அந்தப் பலகைக்கு அளவு: ஓர் அடிக்கு ஓர் அடி, முக்கால் அங்குலத் தடிமன். ஒரு பக்கம் பழைய டிராக்டர் டியூபை வெட்டி, ஓரங்களில் மட்டும் ஆணி அடித்து ஒட்டிவிடுங்கள். குழாய் வாயில் காற்று கசியாமல் பிடிக்கும். மறுபக்கம் கதவுக் கைப்பிடி ஒன்று. எங்கள் மாமா தச்சரிடம் இரண்டு செய்து வாங்கினார். ஒன்று சீட்டுக்குப் பின்னால் கொக்கியில் தொங்குகிறது, இன்னொன்று களத்தில் ஆயில் டின் பக்கத்தில் இருக்கிறது. அத்தையின் மணைப்பலகையில் குழாய் வாய் வட்டமாகப் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது. அதில்தான் இப்போதும் காய் நறுக்குகிறார்.